இருக்கிற ரயில் பெட்டிகளை டெல்டாவில் எங்கே ஓட்டலாம்?

பாசஞ்சர் வண்டிக்குப் பெட்டிகள் குறைவு, கேட்கிற ஊர்களோ அதிகம். கும்பகோணம், மயிலாடுதுறைக்காரர்கள் நெரிசல் தாங்கவில்லை என்கிறார்கள். பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிக்காரர்கள் வண்டியே போதவில்லை என்கிறார்கள். இரண்டும் நியாயம்தான்.

முதல் வழி, கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகப் போகிற மெயின் லைனில் குவிப்பது. தஞ்சாவூரிலிருந்து விழுப்புரம் வரை ஒற்றைப் பாதை. புதிதாக ஒரு வண்டியை நுழைத்தால் அது எங்காவது கிராசிங்குக்கு, அதாவது எதிரே வரும் வண்டி கடந்து போவதற்கு, காத்துக் கிடக்கும். ஓடுகிற வண்டியை நீளமாக்கினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் மெமு என்கிற மின்சார பாசஞ்சர் வண்டியில் நினைத்தபடி இரண்டு பெட்டி கோக்க முடியாது. இழுக்கிற மோட்டார் பெட்டி ஒன்றுக்கு மோட்டார் இல்லாத டிரெய்லர் பெட்டி மூன்று என்பது ஒரு யூனிட். அதனால் 8 பெட்டிக்கு அடுத்தது 12 தான். அந்த 12-ம் காலையிலும் மாலையிலும் நிறையும், நடுப்பகலில் காற்று வாங்கும். இந்தப் பக்கம் பஸ்ஸுக்கும் பஞ்சமில்லை.

இரண்டாவது, கிளைப் பாதைகளுக்குப் பிரித்துக் கொடுப்பது. இங்கே பெட்டிக் கணக்கைவிட வேகக் கணக்கு முக்கியம். திருவாரூர்–காரைக்குடி சுமார் 150 கி.மீ. 2019-இல் அகலப் பாதையாகத் திறந்தபோது கேட் கீப்பர்கள் போதவில்லை. வண்டியில் வந்த ஊழியரே இறங்கி கேட்டை மூடி, வண்டி கடந்ததும் திறந்துவிட்டு, மறுபடி ஏறிக்கொள்வார். இப்படி ஊர்ந்தால் ஒரு ரேக் (ஒரு வண்டியின் முழுப் பெட்டி வரிசை) போய்த் திரும்பவே பொழுது போய்விடும். அதே ரேக் வேகமாக ஓடினால் இன்னொரு நடை கிடைக்கும். புது ரேக் கேட்பதற்கு முன் கேட்டுக்கு ஆள் கேட்பதே மலிவான வழி. 2023-இல் மீண்டும் வண்டி ஓடத் தொடங்கிய திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி பாதை வெறும் 37 கி.மீ. அதற்கு டெமு என்கிற டீசல் வண்டி, சின்னதாக ஒன்று போதும். இரு முனையிலும் ஓட்டுநர் அறை இருப்பதால் எஞ்சின் மாற்றும் வேலையும் மிச்சம்.

மூன்றாவது, ஒரே ரேக்கைக் காலையில் மெயின் லைனிலும் மதியம் கிளையிலும் சுற்றவிடுவது. என் ஓட்டு இதற்குத்தான், இரண்டு நிபந்தனைகளோடு. காலையில் அரை மணி தாமதமானால் மதிய வண்டியும் தாமதமாகும். நடுவில் தாராளமாக இடைவெளி வேண்டும். அப்புறம், ரேக் இரவில் எங்கே நிற்கிறது என்பது. பெரிய ஸ்டேஷனில் நின்றால் விடிந்ததும் முதல் வண்டி அங்கிருந்து வெளியூருக்குக் கிளம்பும். கல்லூரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிற ஜனங்களோ எதிர்த் திசையில் வர வேண்டியவர்கள். ரேக்கை மயிலாடுதுறையிலோ திருத்துறைப்பூண்டியிலோ நிறுத்தினால் ஒரு பெட்டிகூடச் சேர்க்காமல் இது சரியாகும். கழுவவும் தண்ணீர் பிடிக்கவும் அங்கே வசதி வேண்டும், அவ்வளவுதான்.

வேளாங்கண்ணித் திருவிழா, ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை, இந்தக் கணக்கையெல்லாம் கலைத்துவிடும். சிறப்பு ரயிலுக்கு ரேக் எடுத்தே ஆக வேண்டுமென்றால் மெயின் லைனின் நடுப்பகல் நடையில் எடுக்கட்டும். கிளைப் பாதைக்கு இருக்கிற ஒற்றைக் காலை வண்டியில் கைவைக்க வேண்டாம்.