கால்வாய்க் காலத்தைக் காண: பிளிஸ்ட்ஸ் ஹில்லா, டட்லியா?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் கால்வாய்க் காலத்து, அதாவது சரக்குகள் கால்வாய்ப் படகுகளில் சென்ற காலத்து, வாழ்க்கையை மீட்டெடுத்துக் காட்டும் இரண்டு திறந்தவெளி அருங்காட்சியக ஊர்களையும் பார்த்துவிட்டேன். டட்லியிலுள்ள பிளாக் கன்ட்ரி வாழும் அருங்காட்சியகத்தில் ஒரு முழு நாள் கிடைத்தது. பிளிஸ்ட்ஸ் ஹில்லில் மழைக்கிடையே அரை நாள்தான் வாய்த்தது என்பதால், அதைப் பற்றி நான் சொல்வதைச் சற்றுத் தள்ளுபடி செய்தே படிக்க வேண்டும். பழங்கால உடையணிந்த பணியாளர்கள், கடைகள், பட்டறைகள் ஆகியவற்றில் இரண்டும் ஏறத்தாழச் சமமே.

பிளிஸ்ட்ஸ் ஹில்லின் பெருமை ஹே சாய்தளம். 63 மீட்டர் உயரத்தை லாக் எனப்படும் மதகுத் தொட்டிகள் இன்றி, தண்டவாளச் சரிவில் படகுகளையே சக்கரத் தொட்டிலில் வைத்து ஏற்றியிறக்கினார்கள். பாரத்தோடு இறங்கும் படகின் எடையே, எதிர்த்தடத்தில் இலேசான படகை மேலே இழுத்துவிடும். இன்று தண்டவாளம் இருக்கிறது, ஆனால் அதில் எதுவும் ஓடுவதில்லை.

என் மனம் டட்லிப் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் இதுவே: அங்கே கால்வாய் இன்னும் உயிரோடு, பர்மிங்காம் கால்வாய் வலையமைப்போடு இணைந்திருக்கிறது. கரையோரம் கட்டப்பட்டிருந்த, அகலம் குறைந்த சரக்குப் படகு ஒன்றின் பின்னறையை எட்டிப் பார்த்தேன். ஏழடி அகலம்கூட இல்லாத அந்த இடத்தில், அலமாரியின் கதவைக் கீழே மடக்கினால் அதுவே மேசையாகிறது, இன்னொரு பலகையைக் குறுக்கே இறக்கினால் கட்டிலாகிறது. சரக்குக்கு இடம் விட்டுவிட்டு ஒரு குடும்பமே அதற்குள் சமைத்து, உண்டு, உறங்கியிருக்கிறது. 1909இல் கட்டப்பட்ட 'பிரெசிடென்ட்' என்ற நீராவிப் படகும் இந்த அருங்காட்சியகத்துக்கே உரியது.

அருகிலுள்ள டட்லி சுரங்கக் கால்வாயில், படகை இழுக்கும் குதிரை நடக்கப் பாதை கிடையாது. குதிரையை மலைமேல் நடத்திச் சென்றுவிட, படகோட்டிகள் பலகையில் மல்லாந்து படுத்து, சுவரைக் கால்களால் உதைத்து உதைத்தே படகை இருட்டுக்குள் நகர்த்தினார்கள். பயணிகளையும் முயன்று பார்க்க அழைத்தபோது நானும் படுத்து உதைத்தேன். ஈரச் செங்கல்லில் காலணி வழுக்க, சில நிமிடங்களிலேயே தொடைகள் கடுக்கத் தொடங்கின. சுமார் 2,900 மீட்டர் நீளச் சுரங்கத்தைப் பாரப் படகோடு இப்படிக் கடந்தவர்களின் உழைப்பு, எந்த விளக்கப் பலகையைவிடவும் அந்தச் சில நிமிடங்களில் எனக்குப் புரிந்தது.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் டட்லிக்கே செல்லுங்கள். சுரங்கப் படகுக்குத் தனிச் சீட்டு வேண்டும். அதைக் காலையிலேயே எடுத்துவிட்டுப் பிறகு ஊரைச் சுற்றலாம். இயந்திர நுட்பத்தில் நாட்டமுள்ளவர்கள் மட்டும், ஹே சரிவின் உச்சியில் நின்று பார்ப்பதற்காக இன்னொரு நாளை ஒதுக்கிக்கொள்ளலாம்.