இரவில் வானத்தில் என்னவோ பார்த்தோம்: ஜெய்பானிடம் சொல்லலாமா?

போன கோடையில் ஒரு இரவு, உறவினர் வீட்டு விசேஷம் முடிந்து காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். வயல்வெளிக்கு மேலே மூன்று ஆரஞ்சு வெளிச்சங்கள் சத்தமே இல்லாமல் நகர்ந்து போனதை நான், மனைவி, அத்தை, ஒன்பது வயது மகள் நாலு பேரும் பார்த்தோம். வண்டியை ஓரம் கட்டி இறங்கி நின்றோம். மூன்று நிமிடம் இருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக அணைந்துவிட்டன. அத்தைக்குக் கை நடுங்கியது. வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்று வீட்டுக்கு வரும்வரை யாரும் வாய் திறக்கவில்லை.

இது நடந்தது பிரான்சில். அங்கே இதற்கென்றே ஒரு அரசு சேவை இருக்கிறது. பெயர் ஜெய்பான். துலூஸ் நகரில், பிரெஞ்சு விண்வெளி நிறுவனத்துக்குள்ளேயே இயங்குகிறது. 1977-இல் வேறு பெயரில் தொடங்கியது, 2005-இலிருந்து இந்தப் பெயர். கட்டணம் கிடையாது. பறக்கும் தட்டு என்று அவர்கள் எழுதுவதில்லை, ‘அடையாளம் தெரியாத வான்வெளி நிகழ்வு’ என்றுதான் சொல்கிறார்கள். பார்த்தது ஒரு பொருள்தானா, வெறும் ஒளியா என்பதே தெரியாதபோது அப்படிச் சொல்வதுதான் சரி.

அவர்கள் இணையதளத்தில் படிவம் இருக்கிறது, ஜந்தார்ம்களிடம் (பிரான்சின் ஒரு வகைப் போலீஸ்) போயும் வாக்குமூலம் கொடுக்கலாம். குடும்பமாகப் பார்த்திருந்தாலும் ஆளுக்கு ஒரு படிவம். எந்தத் திசை, தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரம், எவ்வளவு பெரிதாகத் தெரிந்தது என்று துருவித் துருவிக் கேட்கிறார்கள். படமும் வரையச் சொல்கிறார்கள். நாலு பேரும் தனித்தனியாக உட்கார்ந்து வரைந்தோம். நான் மூன்று வெளிச்சத்தையும் சேர்த்து நடுவில் கருப்பாக ஒரு முக்கோணம் போட்டிருந்தேன், சத்தியமாக அப்படித்தான் பார்த்தேன். மகளின் தாளிலோ மூன்று புள்ளிகள், அவற்றுக்கு நடுவே இரண்டு நட்சத்திரங்கள். நடுவில் நட்சத்திரம் தெரிந்திருந்தால் அங்கே எதுவும் மறைத்துக்கொண்டு நிற்கவில்லை!

அப்புறம்தான் அவர்களுடைய பழைய கோப்புகளைப் படித்தேன் (2007-இலிருந்து பொதுவில் இருக்கின்றன, சாட்சிகளின் பெயரை நீக்கிவிட்டுத்தான் போடுகிறார்கள்). 1990 நவம்பர் 5 மாலை பிரான்ஸ் முழுக்க ஏராளமானவர்கள் வானத்தில் வெளிச்சங்களைப் பார்த்தார்கள், பலர் பிரம்மாண்டமான முக்கோணக் கப்பல் என்றே சொன்னார்கள். உண்மையில் அது வளிமண்டலத்தில் நுழைந்து எரிந்துபோன சோவியத் புரோட்டான் ராக்கெட்டின் ஒரு பாகம். யாரும் பொய் சொல்லவில்லை. இருட்டில் தனித்தனி வெளிச்சங்களை மனசு தானாகவே ஒரே உருவமாகச் சேர்த்துவிடுகிறது. எனக்கு நடந்ததும் அதுதான் போலிருக்கிறது.

விசாரித்த ஒவ்வொன்றையும் ஏ, பி, சி, டி என்று பிரிக்கிறார்கள். ஏ என்றால் காரணம் தெரிந்துவிட்டது, பி என்றால் பெரும்பாலும் தெரிந்தது. தகவல் போதாவிட்டால் சி. டி என்பது நல்ல தகவல் இருந்தும் விளக்க முடியாதது, அது நூற்றில் மூன்று அளவுக்குத்தான். இந்த சி, டி வித்தியாசத்துக்காகவே இந்தச் சேவையை நான் மதிக்கிறேன். ‘எங்களுக்குத் தகவல் போதவில்லை’ என்பதையும் ‘எங்களால் விளக்க முடியவில்லை’ என்பதையும் குழப்பாமல் தனித்தனியாகச் சொல்ல நேர்மை வேண்டும். பழைய டி கோப்புகளை மறுபடி எடுத்துப் பார்த்து, விளக்கம் கிடைத்தால் வகையை மாற்றியும் இருக்கிறார்கள்.

குறை என்றால், கோப்புகள் பிரெஞ்சில் இருப்பதால் அத்தை மாதிரி ஆட்களுக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படித்துச் சொல்ல வேண்டும். சி வகையில் நிறையவே தேங்கி நிற்கின்றன, அதற்குப் பாதிக் காரணம் நாம் நேரத்தையும் திசையையும் குறித்து வைக்காததுதான்.

கல்யாண வீடுகளில் பறக்கவிடும் காகித விளக்குகள்தான் இந்த மாதிரி ஆரஞ்சு வெளிச்சங்களுக்கு அடிக்கடி காரணம் என்று கோப்புகளில் தெரிகிறது. எங்களுடையதும் அதுவாக இருக்கலாம். ஆனால் காற்றுக்கு எதிர்த்திசையில் போனது போல மனைவிக்குப் பட்டிருக்கிறது, அன்றைய காற்றுப் பதிவைப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் கோப்பு இன்னும் அவர்கள் கையில் இருக்கிறது.

ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். நீங்களும் குடும்பத்தோடு எதையாவது பார்த்தால், முதலில் மணியைப் பாருங்கள், அப்புறம் ஒருவரோடொருவர் பேசுவதற்கு முன்னால் ஆளுக்கொரு தாளில் வரைந்துவிடுங்கள். குழந்தையிடமும் ஒரு தாள் கொடுங்கள்.