நாளைய பிட்சர் யார்? ஏழு ஆண்டு மாலை வழக்கம்

ஜப்பான் பேஸ்பாலில் நாளைய ஆட்டத்தை எந்தப் பிட்சர் (பந்து வீசுபவர்) தொடங்குவார் என்று முந்தைய நாளே அறிவித்துவிடுவார்கள். ‘யோகொகு செம்பாட்சு’ என்று பெயர். வேலைக்காகச் சிபாவுக்கு வந்து, அந்த ஊர் அணியான லோட்டே மரீன்ஸின் ரசிகனாகி, இந்த அறிவிப்பை நாள்தோறும் பார்த்துவருகிறேன். ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்த ஒரு பெயரின் கனம் உடனே பிடிபடாது. டி20 ஆட்டத்தில் ஒரு பவுலருக்கு 24 பந்துதான். அவர் சொதப்பினால் இன்னொருவர் பார்த்துக்கொள்வார். இங்கே தொடக்கப் பிட்சர் நல்ல நாளில் நூறு பந்து வீசுவார், ஒன்பது இன்னிங்ஸில் ஆறேழு அவர் கையில்தான். ஜப்பான் அணிகள் பெரும்பாலும் ஆறு பேரைச் சுழற்சியில் வைத்திருக்கும், திங்கட்கிழமை வழக்கமாக ஆட்டம் இருக்காது. அதனால் ஒவ்வொரு பிட்சருக்கும் ஒரு கிழமை அமைந்துவிடுகிறது. 2022 சீசன் தொடக்கத்தில் ஞாயிறு என்றால் லோட்டேயின் சசாகி ரோகி.

ஜப்பானில் இரண்டு லீக்குகள். லோட்டே ஆடும் பசிபிக் லீக்கில் 1994 முதல் எல்லா ஆட்டத்துக்கும் இந்த அறிவிப்பு உண்டு. சென்ட்ரல் லீக் 2012-இல்தான் ஏற்றுக்கொண்டது. அதுவரை எதிரணிப் பிட்சர் வலக்கையரா இடக்கையரா என்று தெரியாமல், அன்று ஆடப்போகாத ஒரு பிட்சரின் பெயரை பேட்டர் வரிசையில் சும்மா எழுதிக் கொடுத்துவிட்டு, ஆட்டம் தொடங்கியதும் ஆளை மாற்றுவார்கள். ‘தெய்சாட்சு மெம்பர்’, அதாவது வேவு பார்க்கும் ஆள்! அந்த ஊகிக்கும் சுகம் போய்விட்டதே என்று வருந்தும் பழைய ரசிகர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. யார் வீசுவார் என்று தெரிந்தபின் இரவெல்லாம் அந்த ஆட்டத்தை மனதில் ஓட்டிப் பார்ப்பது அதைவிடப் பெரிய சுகம்.

ஊகிக்கவும் இடம் இல்லாமல் இல்லை. முதல் அணிப் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கினால் பத்து நாளுக்கு அவரைத் திரும்பச் சேர்க்க முடியாது. ஆகவே ஆட்டம் முடிந்த மறுநாள் நீக்கப் பட்டியலையும் பார்த்துவிடுவேன். அதில் பெயர் இருந்தால் அடுத்த வாரம் அவருக்காக டிக்கெட் வாங்க வேண்டாம். இதைக் கற்றுக்கொள்ளவே எனக்கு இரண்டு சீசன் ஆனது.

2022 ஏப்ரல் 10, ஞாயிறு. ஓரிக்ஸ் அணிக்கு எதிராக சசாகி 105 பந்தில், ஒரு பேட்டரைக்கூட பேஸை எட்டவிடாத ‘பெர்ஃபெக்ட் கேம்’ முடித்தார். 19 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவது), அதில் 13 அடுத்தடுத்து. பந்தைப் பிடித்த கேட்சர் மட்சுகாவா கோவுக்கு வயது 18. நான் வீட்டில் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். முந்தைய மாலையே பெயர் தெரிந்தும் போகாமல் இருந்துவிட்டேனே என்று மனசு கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு விடவில்லை, மரீன் ஸ்டேடியத்துக்குப் போய்விட்டேன்.

அன்று எட்டு இன்னிங்ஸ் வரை மறுபடியும் ஒருவரும் பேஸைத் தொடவில்லை. 102 பந்து ஆனதும் சசாகியை வெளியே எடுத்துவிட்டார்கள். ஸ்கோர் 0-0. பத்தாவது இன்னிங்ஸில் நிப்பான் ஹாம் அணியின் மன்னாமி சூசெய் அடித்த ஹோம் ரன்னில் லோட்டே 1-0 என்று தோற்றது. அறிவிப்பில் இரு அணிப் பிட்சர்களின் பெயர்களையும் படிக்க வேண்டும் என்பதை அன்றுதான் உணர்ந்தேன். எதிரே உவாசாவா நவோயுகி ஏழு இன்னிங்ஸ் ஒரு ரன்னும் விடாமல் வீசியிருந்தார். முதல் நாள் அறிவிப்பில் அவர் பெயரை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

குறை என்றால் மழை. மரீன் ஸ்டேடியத்துக்குக் கூரை கிடையாது. ஆட்டம் ரத்தானால் அதே பிட்சர் மறுநாளுக்கு நகரலாம், ‘ஸ்லைடு’ என்பார்கள். அல்லது மறுநாள் வீச வேண்டியவரே வந்துவிடுவார், முந்தையவர் ஒரு வாரம் தள்ளிப்போவார். பிட்சரை நம்பி டிக்கெட் வாங்கி இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். இப்போதெல்லாம் வானிலையைப் பார்த்த பிறகுதான் வாங்குகிறேன்.

அப்புறம் ஓரிக்ஸ் பிட்சர் யமமோட்டோ யோஷினோபு 2024-இலும் சசாகி 2025-இலும் அமெரிக்காவின் டாட்ஜர்ஸ் அணிக்குப் போனார்கள். அங்கே சில நாட்களுக்கு முன்பே பெயர் போடுவார்கள், ஆனால் அது ‘அநேகமாக’ என்ற கணக்குதான், மாறிக்கொண்டே இருக்கும். ஜப்பான் அறிவிப்பின் உறுதி அதில் இல்லை. தோள் வலியால் 2025 மே மாதத்தில் சசாகியின் பெயர் அந்தப் பட்டியலிலிருந்தே மறைந்தது. செப்டம்பரில் ரிலீவராக, அதாவது ஆட்டத்தின் நடுவில் வந்து வீசும் பிட்சராகத் திரும்பினார். ரிலீவரின் பெயரை யாரும் முன்கூட்டி அறிவிப்பதில்லை. எந்த இன்னிங்ஸில் கதவு திறந்து அவர் வருவாரோ என்று ஆட்டம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்த ஆண்டின் வேர்ல்ட் சீரிஸ், அதாவது அமெரிக்க இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம் ஜப்பானில் ஞாயிறு காலை. அறிவித்த பெயர்கள் டாட்ஜர்ஸின் ஓதானி, எதிரணி டொராண்டோவின் ஷெர்சர். முந்தைய ஆட்டத்தில்தான் 96 பந்து வீசியிருந்த யமமோட்டோ ஒன்பதாவது இன்னிங்ஸில் எழுந்து வந்தார். பதினோராவது இன்னிங்ஸ் முடியும்வரை அவரே வீசி, டாட்ஜர்ஸ் 5-4 என்று வென்றது. காலையில் ஆற விட்ட காபி மேசையில் அப்படியே இருந்தது.