கம்யூனிகேஷன் கிளாஸுக்கு ரெண்டு மைக் உள்ள காலர் மைக் செட் - ஒரு டீச்சரோட ரிவ்யூ

பெங்களூர்ல ஒரு இன்ஜினியரிங் காலேஜ்ல கம்யூனிகேஷன் கிளாஸ் எடுக்கறேன், இந்த மைக்குக்கு வர்ற ரிவ்யூ எல்லாம் ரீல்ஸ் போடறவங்க எழுதறது, நமக்கு வேண்டியது அதுல இருக்காது, அதான் டீச்சர்ஸுக்காக எழுதறேன். ரெண்டு வயர்லெஸ் மைக், ஒரு டைப் சி ரிசீவர், போன்ல சொருகினா வேலை செய்யும். எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கற எஸ்.பி. ரோட்ல 1,800 ரூபாய்க்கு வாங்கினேன்.

நான் பேச வாங்கல, பசங்க பேசறத ரெகார்ட் பண்ண வாங்கினேன். எங்க யுனிவர்சிட்டி விடியுவோட (விஸ்வேஸ்வரய்யா டெக்னாலஜிகல் யுனிவர்சிட்டி) 2022 பாடத்திட்டத்துல கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷுக்கு 1 கிரெடிட்தான், இருக்கற நேரத்துல ஒவ்வொருத்தரையும் உக்கார வச்சு திருத்தறதுக்கு வழியே இல்ல. மாக் இன்டர்வியூல கேள்வி கேக்கறவங்களுக்கு ஒண்ணு பதில் சொல்றவங்களுக்கு ஒண்ணு மாட்டிவிட்டு, ரெகார்டிங்க அவங்கவங்களுக்கே அனுப்பிடுவேன். "மேம், லைனுக்கு லைன் பேசிக்கலி பேசிக்கலினு சொல்றேன் மேம்"னு ஒரு பொண்ணு அவளாவே வந்து சொன்னா. நாம சொல்லி ஏறாதது இதுல ஏறுது, அதுக்கே குடுத்த காசு தகும். பசங்க கிட்ட கேட்டுட்டு ரெகார்ட் பண்ணுங்க, கிளாஸ் குரூப்ல மட்டும் போட்டுடாதீங்க ப்ளீஸ், கூச்சப்படற பசங்க அப்புறம் வாயே திறக்க மாட்டாங்க.

முக்கியமா ஒண்ணு, நாய்ஸ் ரிடக்ஷன ஆஃப்லயே வைங்க. ஆன் பண்ணா ஃபேன் சத்தம் குறையுது, வாஸ்தவம்தான், ஆனா வார்த்தை கடைசில வர்ற ஸ், ஃப் மாதிரி காத்தோட்டமான சத்தத்தையும் இரைச்சல்னு நெனச்சு சேத்து அமுக்கிடுது. பையன் "ப்ராஜெக்ட்ஸ்"னு சரியாத்தான் சொல்றான், ரெகார்டிங்ல "ப்ராஜெக்ட்"னு கேக்குது. அத வச்சு உச்சரிப்புக்கு மார்க் போட்டா அநியாயம் இல்லயா? பேசற அஞ்சு நிமிஷம் ஃபேன நிறுத்திடுங்க, போதும்.

துப்பட்டால கிளிப் பண்ணா துணி உரசி கரகரனு கேக்கும், கழுத்துப் பட்டி இல்ல சட்டை பட்டன் பக்கம், வாய்க்கு ஒரு சாண் கீழ மாட்டச் சொல்லுங்க. இது ஓடறது 2.4 கிகாஹெர்ட்ஸ்ல, வைஃபையும் அதே பேண்ட்ல இருக்கறதால கம்ப்யூட்டர் லேப் ஒட்டின ரூம்ல அப்பப்ப கட்டாகுது, மத்த ரூம்ல பிரச்சினை இல்ல. செமினார் ஹால்ல ஸ்பீக்கரோட சேத்து பேசறதுக்கு வாங்காதீங்க, குரல் லேட்டா வரும்.

எஸ்.பி. ரோட் போறவங்க சிக்பேட்டை மெட்ரோல இறங்கி நடந்துடலாம். கடையிலயே உங்க போன்ல சொருகி, "டாஸ்க்ஸ், ஸ்கில்ஸ், ஸ்டாஃப்"னு பேசி ரெகார்ட் பண்ணி ஹெட்போன்ல கேட்டுப் பாத்துட்டு காசு குடுங்க.