40,000 பவுண்டைத் தாண்டிய கார்: எதை எடுத்தால் கூடுதல் வரி மிச்சம்?

பிரிட்டனில் ஓராண்டு, ஈராண்டு ஓடிய கார் வாங்குகிறவர்கள் விலை பார்ப்பார்கள், எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்று பார்ப்பார்கள், இன்சூரன்ஸ்கூட விசாரித்துவிடுவார்கள். சாலை வரியை மட்டும் ‘எல்லாக் காருக்கும் ஒன்றுதானே’ என்று விட்டுவிடுவார்கள். 2017 ஏப்ரலிலிருந்து பதிவான கார்களுக்கு அது பாதிதான் சரி. 2025-26 கணக்கில், முதல் ஆண்டுக்குப் பிறகு வழக்கமான வரி 195 பவுண்டாக இருந்தது. புதிதாக இருந்தபோது காரின் பட்டியல் விலை (தள்ளுபடிக்கு முன் நிறுவனம் அறிவித்த விலை) 40,000 பவுண்டைத் தாண்டியிருந்தால் அதன்மேல் இன்னொரு 425. ஆக மொத்தம் 620. இரண்டாம் முறை வரி கட்டுவதில் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்கு இந்தத் தண்டம் உண்டு.

நீங்கள் கொடுத்த விலை இங்கே கணக்கில்லை. முதல் ஆள் தள்ளுபடியில் 38,000-க்கு எடுத்திருந்தாலும், நீங்கள் 30,000-க்குப் பேரம் பேசி முடித்தாலும், பட்டியல் விலைதான் பேசும். தொழிற்சாலையிலேயே போட்டு வந்த சன்ரூஃப், மெட்டாலிக் பெயிண்ட் எல்லாம் அதில் சேரும். அதனால் ஒரே மாடலில் ஒன்று கோட்டுக்கு இந்தப் பக்கமும் இன்னொன்று அந்தப் பக்கமும் நிற்கும்.

கையில் 30,000 பவுண்ட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். டீலர் முதலில் காட்டுவது இரண்டு வயதான பெட்ரோல் அல்லது ஹைபிரிட் எஸ்.யூ.வி., டாப் மாடல், பட்டியல் விலை 45,000. பார்க்க ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இன்னும் நான்கு ஆண்டு கூடுதல் வரி பாக்கி. 2025-26 கணக்கில் 1,700 பவுண்ட், அதுவும் ஆண்டுதோறும் ஏறுகிற தொகை. மாதத் தவணையில் கட்டினால் 5 சதவீதம் கூட. ‘டாக்ஸ் கட்டியாச்சு சார்’ என்று விற்பவர் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 2014 அக்டோபரிலிருந்து வரி காரோடு கைமாறுவதில்லை. மீதி முழு மாதங்களுக்கான பணம் அவருக்குத் திரும்பிவிடும், நீங்கள் புதிதாகக் கட்ட வேண்டும்.

அதே கார், ஒரு படி கீழே உள்ள மாடல், பட்டியல் விலை 39,000 என்றால் வருடத்துக்கு வழக்கமான வரி மட்டும். லெதர் சீட்டும் நல்ல ஸ்பீக்கரும் போகும், போகட்டும். பெட்ரோல் கார்தான் வேண்டும் என்பவர்களுக்கு என் ஓட்டு இதற்கே. பிளக்-இன் ஹைபிரிட் (சார்ஜ் போட்டும் பெட்ரோலிலும் ஓட்டலாம்) என்றால் தப்பிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள், இல்லை. அவற்றின் விலையே கூடுதல் என்பதால் சுலபமாகக் கோட்டைத் தாண்டிவிடும்.

ஆறு வயது தாண்டிய காரை எடுத்தால் கூடுதல் வரி முடிந்திருக்கும். ஆனால் கியாவின் ஏழு ஆண்டு போன்ற சிலவற்றை விட்டால், அந்த வயதில் நிறுவன வாரண்டியும் முடிந்திருக்கும். கியர்பாக்ஸ் ஒருமுறை மக்கர் செய்தால் மிச்சம் பிடித்தது காணாமல் போகும்.

சுவாரசியம் மின்சாரக் கார்களில்தான். 2025 ஏப்ரல் 1-க்கு முன் பதிவானவற்றுக்கு, பட்டியல் விலை எவ்வளவானாலும், கூடுதல் வரி இல்லை. அன்றோ அதற்குப் பிறகோ பதிவானவற்றுக்கு உண்டு. இங்கே ஒரு வேடிக்கை: பதிவான காலத்தைக் காட்டும் ‘25’ நம்பர் பிளேட் 2025 மார்ச் 1-இல் வந்தது. அதனால் ஷோரூமில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ‘25’ கார்களில் மார்ச்சில் பதிவானது தப்பித்திருக்கும், ஏப்ரலில் பதிவானது மாட்டியிருக்கும். பிளேட்டைப் பார்த்து எதுவும் தெரியாது, பதிவுத் தேதியைத்தான் கேட்க வேண்டும்.

2026 ஏப்ரலிலிருந்து மின்சாரக் கார்களுக்கு மட்டும் வரம்பு 50,000 ஆகிறது. 2025 ஏப்ரலிலிருந்து பதிவானவையும் அதில் அடக்கம். ஆகவே பட்டியல் விலை 45,000 உள்ள மின்சாரக் காருக்குப் பதிவுத் தேதி இனி பெரிய விஷயமில்லை. 55,000, 60,000 என்று போகும் பெரிய கார்களில்தான் பழைய பதிவைத் தேடுவதில் லாபம். பெட்ரோல், டீசல், ஹைபிரிட்டுக்கு 2017-இல் வைத்த அதே 40,000-தான்.

எதை எடுத்தாலும், முன்பணம் கொடுக்கும் முன் டி.வி.எல்.ஏ. (வாகனப் பதிவும் வரியும் பார்க்கும் அரசுத் துறை) இணையதளத்தில் கார் எண்ணைப் போட்டுப் பாருங்கள், இலவசம்தான். கூடுதல் வரி எந்த மாதத்தில் முடிகிறது என்று அதிலேயே இருக்கும். அதுவரை எத்தனை முறை கட்ட வேண்டும் என்று கணக்குப் போட்டு, அப்போதைய கூடுதல் வரித் தொகையால் பெருக்கி, அந்தத் தொகையைச் சொல்லியே பேரத்தை ஆரம்பியுங்கள்.