ப்ளர், ஒயாசிஸ்: வெம்பிளியில் இரண்டையும் பார்த்தேன், காசுக்குத் தகுமா?

லண்டனில் வெம்பிளியில் குடியிருப்பவர்களுக்கு ஸ்டேடியத்தில் கச்சேரி என்றால் முதலில் ஞாபகம் வருவது பாட்டு இல்லை, பார்க்கிங். நிகழ்ச்சி நாளில் சொந்த வீட்டு ரோட்டில் காரை விடவே பெர்மிட் வேண்டும், ஈலிங் ரோட்டுக்கு மரக்கறி வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போய்விட்டு வந்துவிடுவார்கள், மாலையில் சொந்தக்காரர் யாரும் வருகிறேன் என்றால் "இன்றைக்கு வேண்டாம், மாட்ச் இருக்கு" என்று சொல்லிவிடுவோம். மாட்ச் என்றாலும் கச்சேரி என்றாலும் எங்கள் வீட்டில் அது மாட்ச்தான். இப்படி வருடம் முழுக்கப் புறுபுறுத்துக்கொண்டிருக்கிற நானே காசு கொடுத்து அந்தச் சனத்துக்குள் போய் நின்றேன் என்றால் காரணம் இருக்கிறது. என் பள்ளிக்கூட வயதில் எதிரும் புதிருமாக நின்ற இரண்டு ஆங்கிலேய ராக் இசைக்குழுக்கள், இரண்டுமே உடைந்து திரும்பச் சேர்ந்தவை, இரண்டுமே எங்கள் ஊர் ஸ்டேடியத்தில். 2023 ஜூலையில் ப்ளர், 2025 செப்டம்பரில் ஒயாசிஸ்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். பாட்டுக் கேட்கப் போகிறவருக்கு ப்ளர். சனத்தோடு சேர்ந்து தொண்டை கிழியக் கத்தப் போகிறவருக்கு ஒயாசிஸ். கொடுத்த காசையும் சேர்த்துப் பார்த்தால் ப்ளர்தான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தக் காலம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். 1995 ஆகஸ்ட் 14ஆம் திகதி இரண்டு குழுக்களும் ஒரே நாளில் சிங்கிள் வெளியிட்டன, ப்ளரின் "கண்ட்ரி ஹவுஸ்", ஒயாசிஸின் "ரோல் வித் இட்". எது முதலிடம் பிடிக்கும் என்பது பிபிசி செய்தியில் வருகிற அளவுக்குப் போனது. ப்ளர் 2,74,000 பிரதி விற்றது, ஒயாசிஸ் 2,16,000, ஆக ப்ளர் வென்றது. ஆனால் ஆல்பம் என்று வந்தபோது ஒயாசிஸ் அடித்த அடியில் அந்த வெற்றி காணாமலே போனது, 1996 ஆகஸ்டில் நெப்வர்த்தில் இரண்டு இரவுகளில் இரண்டரை லட்சம் பேரை வைத்துப் பாடினார்கள். எங்கள் வகுப்பில் இது கட்சிச் சண்டை மாதிரி நடந்தது. தமிழ்ப் பெடியன்கள் நாங்கள் நாலைந்து பேர், எங்களில் முக்கால்வாசிப் பேருக்கு ஏ.ஆர். ரஹ்மான், மிச்சம் பேருக்கு ராப், கிற்றார் பாட்டு வெள்ளைக்காரப் பெடியன்களின் சாமான் என்றுதான் பேச்சு. நான் இரண்டு பக்கமும் ஒளித்து ஒளித்துக் கேட்டவன். வியாழக்கிழமை இரவில் பிபிசியில் டாப் ஆஃப் த பாப்ஸ் என்ற பாட்டு நிகழ்ச்சி போகும்போது அம்மா சத்தத்தைக் குறைக்கச் சொல்லுவா, குறைத்துவிட்டு டிவிக்குப் பக்கத்தில் போய் இருந்து கேட்பேன்.

ப்ளர் பிரிந்தது சத்தமில்லாமல். 2002இல் கிற்றாரிஸ்ட் கிரஹாம் காக்ஸன் விலகினார், அவரும் பாடகர் டேமன் ஆல்பார்னும் சின்ன வயதுப் பள்ளித் தோழர்கள் என்பதால் அது வெறும் வேலைப் பிரிவு இல்லை. 2009இல் ஹைட் பார்க்கில் சேர்ந்தார்கள், பிறகு அவ்வப்போது வருவதும் போவதுமாக இருந்தார்கள், ஆனால் வெம்பிளி ஸ்டேடியத்தில் அவர்கள் தங்கள் சொந்தக் கச்சேரி செய்தது 2023இல்தான் முதல் தடவை. ஒரு இரவுக்கு அறிவித்தது விற்றுத் தீர்ந்து இரண்டாவது இரவும் சேர்த்தார்கள். இடையில் பாஸ் வாசிக்கிற அலெக்ஸ் ஜேம்ஸ் கிராமத்தில் பண்ணை வாங்கிச் சீஸ் செய்கிறார், டிரம்ஸ் டேவ் ரவுன்ட்ரீ சட்டம் படித்து சொலிசிட்டர் ஆகி, கொஞ்சக் காலம் லேபர் கட்சிக் கவுன்சிலராகவும் இருந்தார். வீட்டில் சொல்லிச் சிரித்தேன், எங்கள் அம்மா அப்பா ஆசைப்பட்டபடி வந்த ஒரே ராக் இசைக்காரன் அந்த மனிசன்தான்.

நான் போனது ஜூலை 8, சனிக்கிழமை, கீழே நிற்கும் டிக்கெட். என்னோடு அந்தக் காலத்து வகுப்புத் தோழன் ஒருவன், இப்போது முழங்கால் வலிக்காரன். முதல் பாட்டே புதுப்பாட்டு, அப்போதுதான் வெளிவந்தது, ஆல்பம் வர இன்னும் இரண்டு கிழமை இருந்தது. "இதென்னடா மச்சான், தெரிஞ்சதைப் பாடாமல்" என்று அவன் முனகினான். எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. பழைய பாட்டை மட்டும் விற்றுப் பிழைக்க வந்த கூட்டம் புதுப்பாட்டோடு தொடங்காது. இரண்டு மணித்தியாலத்தில் 1993 ஆல்பத்தின் மூலையில் கிடந்த, பெரிய விசிறிகள் மட்டும் தேடிக் கேட்கிற பாட்டுகளும் வந்தன, எல்லாருக்கும் தெரிந்ததும் வந்தன. "பார்க்லைஃப்"க்கு நடிகர் ஃபில் டேனியல்ஸ் வந்தார், 1994 பதிவில் பேசியவர் அவரேதான், ஆனால் அவர் பேசத் தேவையே இருக்கவில்லை, மைதானம் முழுக்க வசனத்தை ஒப்புவித்தது.

இருந்தாலும் நான் கொடுத்த காசு முழுதும் வசூலான இடம் "டெண்டர்". லண்டன் கம்யூனிட்டி காஸ்பல் குவையர் என்ற கூட்டுப் பாடகர் குழு வந்து நின்றது. அந்தப் பாட்டில் காக்ஸன் தனியாகப் பாடுகிற ஒரு சின்ன வரி உண்டு, நாலைந்து சொல்தான், திரும்பத் திரும்ப வரும். மனிசனுக்குப் பெரிய குரல் இல்லை, மெலிசான, கொஞ்சம் நடுங்குகிற குரல். அதைச் சனம் பிடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் நின்ற ஒரு மொட்டைத் தலைக்காரர், கட்டாயம் ஐம்பது தாண்டியிருப்பார், கண்ணை மூடிக்கொண்டு அந்த வரியை மட்டும் பாடினார், மற்ற வரிகள் வரும்போது பேசாமல் நின்று திரும்ப அந்த இடம் வரக் காத்திருந்தார். ஆல்பார்னுக்கு அப்போது 55 வயது. குரல் இளமையில் இருந்ததைவிடக் கனம், மேல் ஸ்தாயியில் சில இடங்களை வெட்டிக் கீழே பாடினார். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, சிலருக்குத் தெரியலாம்.

சரி, ஒயாசிஸ்.

டிக்கெட் கதையைச் சொல்லாமல் முடியாது. 2009 ஆகஸ்டில் பாரிஸில், மேடை ஏறும் முன்பே பாடகரான தம்பி லியாமோடு சண்டை பிடித்துக்கொண்டு கிற்றாரிஸ்ட் நோயல் கலகர் வெளியேறினார், அதோடு பதினைந்து வருடம் அண்ணனும் தம்பியும் பேப்பரில்தான் கதைத்தார்கள். 2024 ஆகஸ்ட் 31, சனிக்கிழமை காலை விற்பனை. என் லாப்டாப், மனைவியின் ஃபோன், மகளின் டாப்லெட் எல்லாம் வரிசையில். எனக்கு முன்னால் இத்தனை ஆயிரம் பேர் என்று ஒரு எண் காட்டும், அது குறையும், பிறகு தளம் என்னை ரோபோ என்று சொல்லி வெளியே தள்ளும், திரும்பக் கடைசியில் போய் நிற்க வேண்டும். உள்ளே போனவர்களுக்கு அடுத்த அதிர்ச்சி. 150 பவுண் அளவில் என்று அறிவித்த நிற்கும் டிக்கெட் 355 பவுணுக்குக் கிடந்தது. வியாபாரங்களைக் கண்காணிக்கிற போட்டிச் சந்தை ஆணையம் (CMA) விசாரித்தது. எல்லாரும் நினைத்தது மாதிரி கணினி நிமிடத்துக்கு நிமிடம் விலையை ஏற்றியதற்கு ஆதாரம் இல்லை, ஒரே மாதிரியான டிக்கெட்டை இரண்டு விலையில் வைத்து மலிவானது தீர்ந்ததும் மற்றதை விற்றார்கள், அதை முன்கூட்டி ஒழுங்காகச் சொல்லவில்லை என்றது. நல்ல விளக்கம். வரிசையில் நின்றவனுக்கு இரண்டும் ஒன்றுதான். நான் நிற்கும் டிக்கெட்டை விட்டுவிட்டு ஐந்தாம் அடுக்கில், அதாவது ஆக உச்சியில், இரண்டு இருக்கை எடுத்தேன், ஒன்று பதினைந்து வயது மகளுக்கு. அதனால் இந்த ஒப்பீட்டில் ஒரு கோணல் இருக்கிறது: ப்ளரைக் கீழே நின்று பார்த்தேன், ஒயாசிஸை ஆகாயத்தில் இருந்து பார்த்தேன். வாசிக்கும்போது அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

போனது செப்டம்பர் 27. முதலில் காஸ்ட் என்ற குழு, பிறகு ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்ட், த வெர்வ் குழுவின் பாடகர். பாதிப் பேர் பியர் வரிசையில் நிற்க, "பிட்டர் ஸ்வீட் சிம்பனி" தொடங்கியதும் ஓடி வந்தார்கள். அந்தப் பாட்டின் உரிமைப் பணம் இருபது வருடத்துக்கு மேல் ரோலிங் ஸ்டோன்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது, 2019இல்தான் அந்தக் குழுவின் ஜாகரும் ரிச்சர்ட்ஸும் விட்டுக்கொடுத்தார்கள். இதை மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அவள் கேட்கவில்லை.

பிறகு திரையில் பழைய தலைப்புச் செய்திகள் ஓட, கலகர் சகோதரர்கள் கையைக் கோத்து உயர்த்திக்கொண்டு வந்தார்கள். அந்த இடத்தில் எழுந்த சத்தம் மாதிரி நான் வெம்பிளியில் கேட்டதில்லை, கோல் விழும்போதுகூட. லியாம் வழக்கம்போல இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டி, மைக்கைக் கொஞ்சம் உயரத்தில் வைத்து, தலையை அண்ணாந்து பாடினார். உண்மையைச் சொன்னால் அவருடைய குரல் எனக்குப் பெரிய ஆச்சரியம். 2000களின் கடைசியில் கரகரத்துப் போயிருந்த குரல் அது, இப்போது 53 வயதில் நல்ல வடிவாக நிற்கிறது, நீட்ட வேண்டிய இடத்தை நீட்டுகிறார். "சிகரெட்ஸ் அண்ட் ஆல்கஹால்" வரும்போது எல்லாரும் மேடைக்கு முதுகைக் காட்டி, பக்கத்தில் இருப்பவரின் தோளில் கை போட்டுக் குதிக்க வேண்டும், போலந்து நாட்டு லெக் பொஸ்னான் கால்பந்துக் குழுவின் ரசிகர்களிடமிருந்து மான்செஸ்டர் சிட்டி ரசிகர்கள் எடுத்துக்கொண்ட பழக்கம். எனக்கு இடப்பக்கம் இருந்த பெரிய உருவம் கேட்காமலே என் தோளில் கையைப் போட்டது. ஐந்தாம் அடுக்கின் கொங்கிரீட் காலுக்குக் கீழே அசைந்தது, அசைய வேண்டும் என்றே கட்டியிருக்கிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தேர் இழுக்கிற அன்று வடத்தைப் பிடித்த பிறகு நாம் நடக்கிறோமா, கூட்டம் நடத்துகிறதா என்று தெரியாதே, அப்படித்தான்.

குறை என்று சொன்னால், இந்தப் பட்டியலில் 1997க்குப் பிறகு எழுதிய பாட்டு ஒன்றே ஒன்றுதான், 2002இல் வந்தது. புதிதாக எதுவும் இல்லை. கோடைத் தொடக்கத்தில் கார்டிஃபில் பாடிய அதே வரிசையைத்தான் எங்களுக்கும் பாடினார்கள். கார்டிஃப் போன நண்பர் சொன்னபடியே அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தது. ப்ளர் மேடையில் நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்து வாசித்தார்கள், சிரித்தார்கள். இங்கே அண்ணனும் தம்பியும் பத்தடி தூரத்தில் தங்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். மகள் கேட்டாள், "அப்பா, இவை இரண்டு பேரும் இன்னும் கதைக்கினமா இல்லையா?" நடுவில் நோயல் தனியாக மூன்று பாட்டுப் பாடுவார், அப்போது கழிப்பறைக்குப் பெரிய வரிசை, பாவம், அந்த மூன்றும்தான் அன்றைக்கு ஒழுங்காகக் காதில் விழுந்தவை. மேல் அடுக்கில் சத்தம் கூரையில் பட்டு எதிரொலித்து டிரம்ஸ் இரண்டு தடவை கேட்கும். வெம்பிளிக்கு அது பழைய வியாதி.

ஆனால் கடைசியில் "டோன்ட் லுக் பேக் இன் ஆங்கர்" வந்தபோது இதெல்லாம் எடுபடவில்லை. 2017இல் மான்செஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, மௌன அஞ்சலி முடிந்த கையோடு கூட்டத்தில் ஒரு பெண் தானாகப் பாடத் தொடங்கியது இந்தப் பாட்டைத்தான், அதிலிருந்து அது அவர்கள் கையை விட்டுப் போய்விட்டது. நோயல் பல்லவியைப் பாடவே இல்லை, கிற்றாரை வாசித்துக்கொண்டு நின்றார். தொண்ணூறாயிரம் பேர் கொள்ளும் இடம் பாடியது. தான் பிறப்பதற்கு முன்னமே எழுதின பாட்டு என்று சொல்லி இதையெல்லாம் நக்கலடிக்கிற மகள், ஒரு சொல் பிசகாமல் பாடினாள். எப்போது பாடமாக்கினாள் என்று கேட்டேன். டிக்டொக்காம்.

போகப் போகிறவர்களுக்கு ஊர்க்காரனாகச் சில விஷயம். அதே காலத்துப் பல்ப் குழுவும் திரும்பச் சேர்ந்து 2025இல் புது ஆல்பமே போட்டுவிட்டார்கள், இன்னும் யார் யார் வரப் போகிறார்களோ, எப்படியும் வெம்பிளிக்குத்தான் வருவார்கள். முழங்கால் இடம் கொடுத்தால் கீழே எடுங்கள், இல்லாவிட்டால் முதல் அடுக்கு, ஐந்தாம் அடுக்கு மலிவாகக் கிடைத்தால் மட்டும். உள்ளே சாப்பிட நினைக்காதீர்கள், விலையும் வரிசையும் கண்றாவி, ஈலிங் ரோட்டுப் பக்கம் மாலை நாலு மணிக்கே வந்து கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டு நடந்து போகலாம். முடிந்ததும் எல்லாரும் வெம்பிளி பார்க் ஸ்டேஷனுக்குப் போவார்கள், அங்கே பொலிஸ் கூட்டத்தை நிறுத்தி நிறுத்தித்தான் விடும். நீங்கள் எதிர்ப்பக்கமாக ஆல்பர்டன் வரை நடந்து பிக்கடிலி லைனைப் பிடியுங்கள், அரை மணித்தியாலத்துக்கு மேல் நடை, ஆனாலும் வீட்டுக்கு முதலில் போய்ச் சேருவீர்கள். காரில் மட்டும் வந்துவிடாதீர்கள், எங்கள் ரோட்டில் இடம் இல்லை.