நுவரெலியா டவுனுக்குள் ஒரு பால்பண்ணை: பிள்ளையைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாகக் கூட்டிப் போகலாம். ஆனால் வேலை நடக்கிற நேரத்தில் போங்கள். ஒரு தடவையோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் போங்கள்.

பண்ணையின் பெயரை நான் போடவில்லை. நடத்துகிறவர்கள் ஒரு கணவனும் மனைவியும். "ஏப்ரல் சீசன்ல கூட்டம் வந்து நின்னா மாட்டுக்குப் புல் அறுக்க யாரு போறது?" என்று அந்த அக்கா கேட்டார். நியாயமான கேள்வி. ஊர் ஆட்களுக்கு அடையாளம் போதும்: ஹாவா எலியப் பக்கம், மெயின் ரோட்டிலிருந்து இறங்கும் கொங்கிரீட் பாதை, கேட் ஓரத்தில் கழுவிக் கவிழ்த்த பால் கேன்கள். ஏழெட்டுக் கறவை மாடுகள், சில கன்றுகள், பின்னால் படிப்படியாக வெட்டிய பாத்திகளில் லீக்ஸ், கரட், கோவா. பாலும் மரக்கறியும்தான் அவர்கள் பிழைப்பு. நாங்கள் போனாலும் போகாவிட்டாலும் அங்கே வேலை நடக்கும். எனக்குப் பிடித்ததே அதுதான்.

நான் இராகலைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவள். லயத்துக்குப் பின்னாலேயே எங்கள் மாட்டுப்பட்டி இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் புல்லுக்குப் போவோம். என் மகளுக்கு ஆறு வயது, டவுனில் வாடகை வீட்டில் வளர்கிறாள். அவளுக்குப் பால் என்றால் பால்மா பக்கற்றுதான். 2022இல் அந்தப் பால்மாவுக்காக நானும் அவள் அப்பாவும் கடை கடையாக ஏறி இறங்கினோம். 1,868 மீட்டர் உயரத்தில், பிரீசியன் மாட்டுக்கு அளவெடுத்த மாதிரிக் குளிர் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு பால்மாவுக்கு அலைந்தது அப்போது மனதை அறுத்தது. பால் எங்கிருந்து வருகிறது என்று இவள் கண்ணால் பார்த்தே ஆகவேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கு வந்ததுதான்.

பின்னேரக் கறவை மூன்று மணிவாக்கில் தொடங்கும். அந்த நேரத்துக்குப் போங்கள். பண்ணைக்கார அண்ணன் வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, சுத்தமான துணியால் துடைப்பார். வாளியை உடனே வைக்கமாட்டார். ஒவ்வொரு காம்பிலிருந்தும் முதல் இரண்டு மூன்று பீச்சலை ஒரு கறுப்புக் கோப்பையில் தனியாக எடுப்பார். கறுப்பில் பால் பளிச்சென்று தெரியும். திரிதிரியாகவோ தண்ணியாகவோ இருந்தால் மடிநோய் என்று சந்தேகப்படவேண்டும். அந்த மாட்டின் பாலைக் கேனில் சேர்க்கமாட்டார்கள். இப்போது கோப்பையைப் பிடிப்பது என் மகளின் வேலை. மூக்கு கோப்பைக்குள் போகிற அளவுக்குக் குனிந்து பார்த்துவிட்டு, "நல்லா இருக்கு மாமா" என்று சொன்ன பிறகுதான் அவர் வாளியை எடுப்பார். அவரும் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொள்வார், அது வேறு விஷயம்.

கறந்து முடிந்ததும் அவள் புல் தூக்கிப் போடவேண்டும். கறந்த உடனே காம்பின் துளை மூடாது, மாடு அப்படியே சாணியில் படுத்தால் கிருமி ஏறிவிடும், அரை மணி நேரமாவது நிற்க வைக்கத்தான் இந்தப் புல் என்று அக்கா சொல்லிக் கொடுத்தார். வேறு இடங்களில் பிள்ளை கையில் ஒரு கட்டுப் புல்லைக் கொடுத்துப் படம் எடுக்கச் சொல்வார்கள். இங்கே அவள் புல் போடாவிட்டால் மாடு படுத்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் ஓடி ஓடிப் போடுகிறாள். அம்பேவெலப் பண்ணைக்கும் போயிருக்கிறோம். அந்தப் புல்வெளியும் காற்றாலைகளும் கண்கொள்ளாக் காட்சி, போய்ப் பார்க்கவேண்டியதுதான். ஆனால் அது பெரிய பண்ணை. ஆறு வயதுப் பிள்ளைக்கு வேலை கொடுக்க இப்படிச் சின்ன இடம்தான் தோது.

ஜேர்சிக் கலப்பு மாடு ஒன்று மகளோடு ரொம்ப ஒட்டு. அதன் வாயை அண்ணன் ஒரு நாள் திறந்து காட்டினார். மாட்டுக்கு மேல் தாடையில் முன்பல் கிடையாது, தடித்த ஈறு மட்டும்தான். நாக்கால் புல்லைச் சுருட்டி, கீழ்ப்பல்லை அந்த ஈறில் அழுத்தி இழுத்துப் பிய்க்கும். நாக்கு அரம் போலச் சொரசொரவென்று இருக்கும். மகளுக்கு அந்த வாரம்தான் முன்பல் விழுந்திருந்தது. "இதுக்கும் என்ன மாதிரிதான்!" என்று குதித்தாள். அன்றிலிருந்து அதைப் பார்க்காமல் வீட்டுக்கு வருவதில்லை.

ஒரு காளைக்கன்று காணாமல் போனபோது எங்கே என்று கேட்டாள். "வித்துட்டோம் பாப்பா. பால் தராததை வச்சுத் தீனி போட எங்களால முடியாது" என்று அக்கா நேராகவே சொன்னார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள், பிறகு மற்றக் கன்றுகளை ஒவ்வொன்றாக, "இது பொம்பளைக் கன்றா?" என்று கேட்டுக்கொண்டே போனாள். பிள்ளைக்குக் கதை கட்டிச் சொல்லாததற்காக அந்த அக்கா மேல் எனக்கு மரியாதை கூடியது.

குறைகளையும் சொல்லவேண்டும். கழிப்பறை அவர்கள் வீட்டுக்குள்தான், கேட்டால் விடுவார்கள், ஆனால் சின்னப் பிள்ளையோடு அடிக்கடி கேட்கக் கூச்சமாக இருக்கும். கை கழுவும் குழாயில் பச்சைத் தண்ணீர், ஜனவரியில் விரல் விறைத்துப் போகும். அதற்குச் சவர்க்காரமும் வைப்பதில்லை. மாட்டைத் தொட்ட கையோடு பிள்ளைகள் பிஸ்கட் சாப்பிடுகிற இடத்தில் அது கட்டாயம் வேண்டும், அவர்களிடமும் சொல்லியிருக்கிறேன். கொட்டிலுக்கு இறங்கும் படி மழைக்குப் பாசி பிடித்து வழுக்கும், ஒரு கைப்பிடிக் கம்பி அடித்தால் போதும். முயலும் வளர்க்கிறார்கள், கூண்டு அத்தனை முயலுக்குச் சின்னது. அதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

பாத்திகளுக்கு மருந்து அடிக்கிற நாளில் பிள்ளைகளைக் கேட்டுக்குள் விடமாட்டார்கள். த்ரீவீலர் காசு வீணாகாமல் இருக்க, முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போங்கள். கட்டணம் என்று எதுவும் இல்லை, வரும்போது பாலோ மரக்கறியோ வாங்கினால் சந்தோஷப்படுவார்கள். பால் வண்டி வருவதற்கு முன்பே சொல்லி வையுங்கள், வண்டி வந்துவிட்டால் கேன் காலி. பச்சைப் பாலைப் பிள்ளைக்குக் குடிக்கக் கொடுக்காதீர்கள், வீட்டில் நன்றாகக் கொதிக்க வைத்துக் கொடுங்கள். மாட்டுக்குப் பின்னால் பிள்ளை நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், உதைக்கும். இறப்பர் பூட்ஸ், மாற்றுக் காலுறை, சவர்க்காரம், பாலுக்கு மூடி இறுக்கமான போத்தல், மழைக்காலம் என்றால் அட்டைக்குக் கொஞ்சம் உப்பு. இவ்வளவும் பையில் இருந்தால் போதும்.